கிரிக்கெட் கையோடு ஹாக்கிக்கு வருகிறவர்கள்: முதல் சீசனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏப்ரல் பிறந்து காலைக் காற்றில் கொஞ்சம் குளிர் ஏறியதும் பள்ளிகளில் ஹாக்கி சீசன் ஆரம்பமாகிவிடும். இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமை காலைகளில் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். போன சீசனில் முதல் நாளே ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, “அக்கா, இவளுக்கு இடது கைப் பழக்கம். லெஃப்ட் ஹேண்ட் ஸ்டிக் எந்தக் கடையில் கிடைக்கும்?” என்று கேட்டார்.

அப்படி ஒரு ஸ்டிக்கை வைத்து மேட்ச் ஆட முடியாது. ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டையான பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும் என்பது விதி, அந்தப் பக்கத்தால்தான் பந்தை ஆடவும் வேண்டும். எழுதுவது எந்தக் கையாக இருந்தாலும் எல்லாரும் பிடிப்பது ஒரே மாதிரிதான்: இடது கை மேலே, வலது கை கீழே. அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. ஆனால் இடது கைக்காரிக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஹாக்கியில் வேலை செய்யும் கை இடது கைதான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டைப் பார்த்தே வளர்கிறார்கள். தாத்தா கிங்ஸ்மீட் மைதானத்தில் பார்த்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், வீட்டுக்கு முன்னால் ரோட்டில் டென்னிஸ் பந்தும் பேட்டும் ஓடும். அந்தக் கையோடு ஹாக்கிக்கு வருகிறவர்கள் ஸ்டிக்கை அடிக்கிற கட்டையாகப் பார்க்கிறார்கள். அது பந்தைக் கூடவே வைத்துக்கொள்ளும் கருவி. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு குழப்பத்திலிருந்து வருகிறவை.

பிடியிலிருந்து தொடங்குவோம். புதியவர்கள் இரண்டு கையையும் ஒட்டி வைத்து, பேட்டைப் போல் இறுக்கிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் ஸ்டிக் திரும்பாது, திரும்பாத ஸ்டிக்கால் பந்தின் இடப்பக்கத்தைத் தொட முடியாது. இடது கை ஸ்டிக்கின் உச்சியில் உறுதியாக இருக்கட்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் கவை ஸ்டிக்கின் ஓரத்தை ஒட்டி நேராகக் கீழே இறங்க வேண்டும். வலது கை ஏறக்குறைய ஒரு முழங்கை நீளம் தள்ளிக் கீழே, தளர்வாக. இடது மணிக்கட்டு ஸ்டிக்கைத் திருப்பும்போது அது வலது கைக்குள் குழாய்க்குள் கம்பி சுழல்வது போல் சுழல வேண்டும். வலது கை சேர்ந்து திரும்பினால் பிடி தப்பு. பந்தை ஓங்கி அடிக்கும்போது மட்டும் வலது கையை மேலே ஏற்றி இடது கையோடு சேர்க்கலாம். அடித்து முடித்ததும் உடனே கீழே இறக்க வேண்டும். இறக்க மறப்பதுதான் கிரிக்கெட் பிள்ளைகளிடம் நான் அதிகம் திருத்துவது.

வலமும் இடமுமாகப் பந்தை உருட்டிக்கொண்டே ஓடும் வித்தைக்கு உலகம் முழுக்க ‘இண்டியன் டிரிபிள்’ என்று பெயர். 1928, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தியான் சந்த் ஆடிய இந்திய அணி தங்கம் வென்றது. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவர் தமிழ்நாட்டின் வி. பாஸ்கரன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும், அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் அந்த வித்தையின் பூட்டு இடது மணிக்கட்டில் இருக்கிறது. பிடி சரியாகாமல் அது வராது.

ஸ்டிக்கின் நீளத்தில் தவறு செய்வது பெரியவர்கள். “வளர்ற பிள்ளைதானே, பெரிசா வாங்கினா ரெண்டு வருசம் வரும்” என்று பள்ளிச் சீருடை வாங்குகிற கணக்கில் வாங்கிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டிக்கோடு குனிய முடியாமல் ஒரு சீசன் முழுக்க நிமிர்ந்து நின்றே ஆடினேன். அந்த உடம்புப் பழக்கத்தை மாற்ற அதற்குப் பிறகு இரண்டு சீசன் ஆனது. தரையில் நிறுத்தினால் ஸ்டிக்கின் நுனி இடுப்பெலும்பைத் தொட வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. பெரியவர்கள் பலருக்கு 36.5 அங்குலம் சரியாக இருக்கும். கார்பன் அதிகமுள்ள விலை உயர்ந்த ஸ்டிக்கும் புதியவருக்கு வேண்டாம். அது விறைப்பாக இருப்பதால் வருகிற பந்து பட்டுத் தெறித்துப் போகும்.

பந்தை நிறுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சீசனில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை. கிரிக்கெட்டில் பந்து வரும்வரை காத்திருந்து, வந்ததும் மட்டையை அதன்மேல் செலுத்துவோம். ஹாக்கியில் அப்படிச் செய்தால் பந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய் எதிராளியிடம் சேரும். முதலில் கால் நகர வேண்டும். பந்து வரும் பாதைக்கு உடம்பைக் கொண்டுபோங்கள், முழங்காலை மடக்கித் தாழுங்கள், பந்து வருமுன்பே ஸ்டிக் தரையில் இருக்கட்டும். கைப்பிடி கொஞ்சம் முன்னே சாய்ந்திருந்தால் பந்து மேலே எகிறாது. பந்து படுகிற கணத்தில் கையைத் தளர்த்தி, ஸ்டிக்கை இம்மியளவு பின்னால் விட வேண்டும். மேலேயிருந்து போடும் முட்டையை உள்ளங்கையில் எப்படி வாங்குவீர்கள்? அந்தக் கை வேண்டும். கிரிக்கெட்டில் நல்ல கேட்ச் பிடிக்கிற பிள்ளைகளிடம் “கேட்ச் பிடிக்கிற கையைக் கொண்டுவா, பேட் பிடிக்கிற கையை வீட்டில் வை” என்பேன். சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

நான் படித்த பள்ளியில் மைதானம் புல்தரை, இடையிடையே மண் திட்டு. பந்து எங்கே குதிக்கும் என்று தெரியாது. அப்படிப்பட்ட தரையில் பந்து தாண்டிப் போகாதபடி ஸ்டிக்கைக் கிடையாகப் படுக்க வைத்து நிறுத்தப் பழகுவது நல்லது. ஆஸ்ட்ரோவில், அதாவது செயற்கைப் புல்தரையில், பந்து தரையோடு ஒட்டி வேகமாக வரும். புல்லில் மட்டும் ஆடிய பிள்ளைகள் முதல்முறை ஆஸ்ட்ரோவில் இறங்கும்போது எல்லாப் பந்தையும் தாமதமாகத் தொடுவார்கள். அது பிள்ளைகளின் குறை அல்ல. பக்கத்துப் பள்ளியில் ஆஸ்ட்ரோ, நம் பள்ளியில் மேடுபள்ளம் என்ற நிலை இந்த நாட்டின் பழைய நிறவெறி ஆட்சி விட்டுப்போனது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. மேட்ச்சுக்கு முன் அரை மணி நேரமாவது ஆஸ்ட்ரோவில் பந்தை வாங்கிப் பழக விடுங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது தலை. பந்து காலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் கண் தரையைவிட்டு எழாது. பந்து உடம்பிலிருந்து தள்ளி, வலது காலுக்கு முன்னால் சற்று வலப்புறமாக இருக்கட்டும். அப்போது கடைக்கண்ணில் பந்து தெரியும், நேர்க்கண்ணில் ஆட்டம் தெரியும்.

விதிகளில் புதியவர்கள் இடறும் இடங்கள் சில. பந்து காலில் பட்டதும் எல்லாரும் “ஃபீட்!” என்று கத்துவார்கள். பட்டாலே ஃபவுல் என்று நினைத்து ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். காலில் பட்டதால் ஆதாயம் கிடைத்தால்தான் அது தவறு, அம்பயர் விசில் ஊதும்வரை ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டிக்கின் உருண்டைப் பக்கத்தால் ஆடினால் ‘பேக்ஸ்டிக்’ என்ற ஃபவுல். வலப்பக்கத்தில் பந்தை ஸ்டிக்கின் ஓரத்தால் ஓங்கி அடிப்பதற்கும் அனுமதி இல்லை. சாக்கரிலிருந்து வருகிற பையன்கள் முதுகைக் காட்டிப் பந்தை மறைத்து நிற்பார்கள். சாக்கரில் அது கெட்டிக்காரத்தனம், இங்கே பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் உடம்பை வைத்து மறைப்பது ஃபவுல்.

கோல் கணக்கு இன்னொன்று. கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் வட்டத்துக்கு வெளியிலிருந்து எவ்வளவு அழகாக அடித்து உள்ளே போனாலும் கோல் இல்லை. கோலிலிருந்து 14.63 மீட்டரில் வளைந்து போகும் அந்த ‘டீ’க்குள் தாக்கும் அணியில் ஒருவரின் ஸ்டிக் பந்தைத் தொட்டிருக்க வேண்டும். சிக்ஸர் அடிக்கிற ஆசையில் நடு மைதானத்திலிருந்து ஓங்கி அடிக்கிற பிள்ளை, பந்தை எதிரணிக்குத் தானம் செய்கிறது. எதிரணியின் ஃபவுலுக்காக ஃப்ரீ ஹிட் கிடைத்தாலும் இதே ஆசைதான். அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. பந்தை நிறுத்தி, தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம். எதிராளிகள் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதால் அவர்கள் ஒதுங்குவதற்குள் போய்விடலாம். எதிரணியின் கோல் பக்கத்து 23 மீட்டர் பகுதிக்குள் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ஃப்ரீ ஹிட்டை நேராக ‘டீ’க்குள் அடிக்கக் கூடாது.

பந்தைப் பறிக்கப் போகும்போது ஸ்டிக்கை வீசுவது ஆபத்தான தவறு. அரிவாளால் புல் வெட்டுவது போல் வீசினால் பந்து தாண்டிப் போயிருக்கும், மிஞ்சுவது எதிராளியின் கணுக்கால். பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், சிவப்பு என்றால் அந்த ஆட்டமே முடிந்தது. அவசரப்பட்டுப் பாயாதீர்கள். பக்கவாட்டில் காலை வைத்து, ஸ்டிக்கைத் தரையோடு வைத்து, பின்வாங்கிக்கொண்டே எதிராளியைக் கோட்டோரம் தள்ளுங்கள். அவர் உங்கள் இடப்பக்கமாகத்தான் தாண்டப் பார்ப்பார், அங்கேதான் உங்கள் ஸ்டிக்கின் பலம் குறைவு. ஆகவே அந்தப் பக்கத்தை முதலிலேயே அடைத்துவிட்டு, வலப்பக்கம் வர வையுங்கள்.

காக்கும் அணி ‘டீ’க்குள் ஃபவுல் செய்தால் தாக்கும் அணிக்குப் பின்கோட்டிலிருந்து கிடைப்பது ஷார்ட் கார்னர். அதில் புதியவர்களுக்கு ஒன்றே ஒன்று: பந்து ‘டீ’யை விட்டு வெளியே போய் வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். கோலைக் காக்கிறவர்கள் முகக்கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது.

கவசம் என்றதும் பெற்றோரோடு நான் விடாமல் வாதாடும் விஷயத்துக்கு வருகிறேன். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை. கிரிக்கெட் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். பேடும் ஹெல்மெட்டும் இல்லாமல் மகனை வேகப்பந்துக்கு முன் நிறுத்த மாட்டீர்கள். ஹாக்கிக்கு மட்டும் பல்லைக் காக்கும் கம்கார்ட் எதற்கு, முன்னங்காலைக் காக்கும் ஷின்பேட் எதற்கு என்று கேட்கிறீர்கள். என்னிடம் பழகும் பிள்ளை கம்கார்ட் மறந்து வந்தால் அன்று வெளியில் நின்றுதான் பார்க்கும். அழுதாலும் விட மாட்டேன். ஒரு பல் போன பிறகு யாராலும் அதைத் திருப்பித் தர முடியாது. தேய்ந்த டக்கீஸ் (கான்வாஸ் ஷூ) போட்டு ஈரமான ஆஸ்ட்ரோவில் ஓட விடாதீர்கள். அடிப்பாகத்தில் சிறு குமிழ்கள் உள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, மொய்த்துக்கொண்டு ஓடுவது. மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பதினொரு பேரும் தேன்கூட்டு ஈக்கள் மாதிரி பந்தைச் சுற்றினால் மிச்ச இடமெல்லாம் சும்மா கிடக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் தென்னாப்பிரிக்க ஆண்கள் ஜெர்மனியை 4-3 என்று வென்ற ஆட்டம் கிடைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தைப் பார்க்காமல், பந்து இல்லாத ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இடது கைப் பெண்ணுக்கு முதல் மாதம் நான் வேறெதுவும் கொடுக்கவில்லை. வீட்டு கராஜ் சுவரில் தினம் பத்து நிமிடம் டென்னிஸ் பந்தைத் தள்ளி, திரும்பி வருவதை இடது கையால் மட்டும் ஸ்டிக்கைப் பிடித்து நிறுத்தச் சொன்னேன். மழை நாளில் கராஜுக்குள்ளேயே வண்டியை வெளியே எடுத்துவிட்டுச் செய்தாளாம். ஜூன் மாதத்துக்குள் மற்றவர்களைவிட ஸ்டிக்கை வேகமாகத் திருப்பினாள். இந்த சீசனில் வலது விங்கில் ஆடுகிறாள்.