மதியம் வரை சொதசொதக்காத சாண்ட்விச்: மடிப்பதும் மூடுவதும் சீல் வைப்பதும்

"சாண்ட்விச்சுன்னு சொல்லிட்டுக் களி கட்டிக் குடுத்திருக்கம்மா!" பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக மகள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். காலை ஏழு மணிக்குச் சுடச்சுட டோஸ்ட் பண்ணி, எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடி அனுப்பியது அது. மூடியின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. அடியில் இருந்த ரொட்டி டப்பாவோடு ஒட்டிப்போய், தக்காளி மட்டும் தனியாக மிதந்தது.

கட்டிக் கொடுப்பது நமக்கொன்றும் புதிதில்லை. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் வாட்டிய வாழை இலைக்குள் ரயில் பயணம் முழுக்கத் தாங்கும். அந்தப் பழக்கத்தில்தான் நானும் ரொட்டியை இறுக்கி மூடினேன். கட்டுச்சோற்றுக்கு ஈரம் உள்ளேயே நிற்க வேண்டும். ரொட்டியோ மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி: உள்ளே வெள்ளரிக்காய் விடும் தண்ணீர் ஏறினால் சொதசொத, வெளிக்காற்று பட்டால் வறட்டி. உள்ளே ஒரு தடுப்பு, வெளியே ஒரு தடுப்பு, இரண்டும் வேண்டும். இதில் உள்தடுப்பைத்தான் நிறையப் பேர் மறந்துவிட்டு, விலை கூடிய கவராகத் தேடி அலைகிறோம்.

காலை 7 மணிக்குச் செய்து 12.30க்குச் சாப்பிடும் காய்கறி சட்னி சாண்ட்விச்சை வைத்துச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் இதன் தம்பி தங்கைகள்தான்.

படி 1: தண்ணீரை முதலில் வெளியேற்றுங்கள்

வெள்ளரியை 2–3 மி.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும். தட்டைச் சாய்த்தால் ஓடுவது தெரியும். அந்தத் தண்ணீர் எப்படியும் வெளியே வரப்போவதுதான். தட்டில் வரட்டும், ரொட்டியில் வேண்டாம். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பு போட்டு உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். தக்காளியில் விதையும் கொழகொழப்பும் உள்ள நடுப்பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டுச் சதையை மட்டும் வையுங்கள்.

சட்னிதான் பெரிய குற்றவாளி. கொத்தமல்லி, புதினாவைக் கழுவியதும் உதறித் துணியில் ஆறவிட்டு, தண்ணீரே ஊற்றாமல் அரைக்க வேண்டும். மிக்ஸி சுற்ற மறுத்தால் எலுமிச்சைச் சாறு விடுங்கள். கூடவே ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை போட்டால், மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொண்டு சட்னி தொகையல் பதத்துக்கு வரும். தேங்காய் சேர்க்காதீர்கள். வெயிலில் முதலில் ஊசிப்போவது அதுதான்.

படி 2: வெண்ணெயால் ஒரு சுவர்

வெண்ணெய் ருசிக்கு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அதன் முக்கிய வேலை தண்ணீரைத் தடுப்பது. கொழுப்பைத் தாண்டி ஈரம் எளிதில் போகாது. ஆகவே ஒரு ஸ்லைஸில் மட்டும், அதுவும் நடுவில் மட்டும் தேய்ப்பது வீண். இரண்டு ஸ்லைஸிலும், ஓரம் வரை, மெல்லிசாக, ஓட்டை இல்லாமல் பூச வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி வெண்ணெய் ரொட்டியைப் பிய்த்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். உருக்கியும் ஊற்றக் கூடாது, ரொட்டி குடித்துவிடும்.

அடுக்கும் வரிசை: வெண்ணெய், அதன்மேல் சட்னி, வெள்ளரி, நடுவில் தக்காளி, மறுபடி வெள்ளரி, சீஸ் ஸ்லைஸ், மேல் ரொட்டி. தக்காளி எந்தப் பக்கமும் ரொட்டியைத் தொடக்கூடாது.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிரிட்ஜில் வைத்தால் நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மை. பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும், ஆனால் ரொட்டி சீக்கிரம் விறைத்துப்போகும். வேகும்போது இளகிய மாவுச்சத்து ஆறியபின் மறுபடி இறுகுகிறது. அந்த இறுகல் ஃபிரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கும். இரண்டு நாளில் தீரும் என்றால் வெளியே வையுங்கள், இல்லையென்றால் நேராக ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

படி 3: எதில் கட்டுவது?

செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். பஜ்ஜிக் கடைப் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, தெரியும். அச்சு மையில் இருக்கும் ஈயம் போன்றவை எண்ணெயோடும் ஈரத்தோடும் சாப்பாட்டில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பேக்கேஜிங் விதிகள் செய்தித்தாளில் உணவு கட்டுவதைத் தடை செய்திருக்கின்றன.

பட்டர் பேப்பர் என் முதல் தேர்வு. எண்ணெயைத் தாங்கும், கொஞ்சம் மூச்சும் விடும். அந்த மூச்சுதான் அதன் பலமும் பலவீனமும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அது மட்டுமே போதும். அதற்கு மேல் என்றால் வெளியே இன்னொரு உறை வேண்டும்.

அலுமினிய ஃபாயில் காற்றையும் ஈரத்தையும் சுத்தமாகத் தடுக்கும், ஆனால் புளிப்பும் உப்பும் அதற்கு ஆகாது. எலுமிச்சை பிழிந்த சட்னி பட்ட இடம் கருத்து, புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். ஃபாயில்தான் வேண்டும் என்றால் உள்ளே ஒரு பட்டர் பேப்பர் சுற்றிவிடுங்கள்.

கிளிங் ஃபிலிம் ஆறிய சாண்ட்விச்சுக்கு நன்றாக ஒட்டும், சூட்டுக்கு ஆகாது. ஜிப் பை வெளி உறைக்குத்தான் சிறந்தது. பிளாஸ்டிக் எதை வாங்கினாலும் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். உணவு வைக்கத் தகுந்தது என்பதற்கான குறி அது.

படி 4: பொட்டலம் மடிப்பு

பழைய மளிகைக் கடை அண்ணாச்சி கால் கிலோ பருப்பை மடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது கை வந்த வேலை. மற்றவர்கள் வெறும் ரொட்டியை வைத்து இரண்டு முறை பழகுங்கள்.

ஏறக்குறைய 30 × 38 செ.மீ. பட்டர் பேப்பரை மேசையில் விரித்து, சாண்ட்விச்சை நடுவில் வையுங்கள். நீளவாக்கில் எதிரெதிராக இருக்கும் இரண்டு ஓரங்களையும் தூக்கி, சாண்ட்விச்சுக்கு மேலே கை கூப்புவது போல் ஒன்றாகச் சேருங்கள். சேர்ந்த விளிம்பை 2 செ.மீ. அளவுக்கு மடித்து நகத்தால் ஒரு கோடு இழுங்கள். மறுபடி அதே அளவு, மறுபடி. மடிப்பு ரொட்டியின் மேல் வந்து படியும்வரை மடித்துக்கொண்டே போங்கள். தாள் ரொட்டியைத் தழுவ வேண்டும், நசுக்கக் கூடாது.

இப்போது இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும். ஒரு பக்கத்தின் மேல்தாளை விரலால் கீழே அழுத்தினால் இரண்டு மூலைகளும் தானாக முக்கோணமாக உள்ளே வரும். அந்த முக்கோண வாலைச் சாண்ட்விச்சின் அடியில் செருகுங்கள். மறுபக்கமும் அப்படியே. ரப்பர் பேண்டு தேவையில்லை. சாண்ட்விச்சின் எடையே வாலைப் பிடித்துக்கொள்ளும். இப்படிக் கட்டியபிறகு தாளோடு சேர்த்துக் குறுக்கே வெட்டினால் உள்ளிருப்பது சிதறாது. வெட்டினால் ஈரம் கசிய ஒரு வழியும் திறக்கும் என்பதால், பள்ளிக்குப் போவதை நான் வெட்டுவதில்லை.

அடுத்து ஜிப் பை. பொட்டலத்தைப் போட்டு, ஒரு விரல் நுழையும் அளவு விட்டு ஜிப்பை மூடி, அடியிலிருந்து மேலாகக் கையால் தடவிக் காற்றை வெளியேற்றிவிட்டு மிச்சத்தையும் மூடுங்கள். வேக்குவம் மெஷின் இருக்கிறதே என்று அதில் போடாதீர்கள், ரொட்டி அப்பளமாகிவிடும்.

படி 5: டோஸ்ட் என்றால் வேறு கதை

சூடான டோஸ்டை உடனே மூடினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி ரொட்டி மேலேயே சொட்டும். என் மகளுக்குக் கிடைத்த களி அப்படி உருவானதுதான். தட்டில் ஆறவைத்தாலும் அடிப்பக்கம் வேர்க்கும். கம்பி வலைத் தட்டில் வைத்து, கை வைத்தால் சூடு தெரியாமல் போகும் வரை ஆறவிடுங்கள். பிறகு பட்டர் பேப்பரில் சுற்றி, பேப்பர் பையிலோ மூடி லேசாகத் திறந்த டப்பாவிலோ வையுங்கள். மொறுமொறுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது, எந்த உறை போட்டாலும் சரி. ஐந்து மணி நேரம் கழித்துத் தின்பதற்கு டோஸ்ட் கட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

படி 6: சீலிங் மெஷின் (ஆர்டர் எடுப்பவர்களுக்கு)

வீட்டிலிருந்து பத்து இருபது சாண்ட்விச் விற்கிறீர்கள் என்றால் 8 இன்ச் கை சீலர் போதும். கைப்பிடியை அழுத்தும்போது மட்டும், டெஃப்லான் துணிக்கு அடியிலுள்ள மெல்லிய கம்பிப்பட்டை சில நொடி சூடாகி, கவரின் இரண்டு தாள்களையும் உருக்கி ஒட்டும். மெஷினில் எரியும் விளக்கு அணைந்ததும் உடனே கையை எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. உருகிய இடம் அப்போது இன்னும் இளகித்தான் இருக்கும். மேலும் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள்.

மெதுமெதுவென்று லேசாக மங்கலாக இருக்கும் பாலித்தீன் கவர் சுமார் 110 டிகிரியில் உருகும். கண்ணாடி மாதிரி சலசலக்கும் பாலிப்ரொப்பிலீன் கவருக்கு 160 டிகிரி வேண்டும். கவர் மாறினால் மெஷினில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழையும் திருப்ப வேண்டும். குறைந்த எண்ணில் தொடங்கி, வெறும் கவரில் ஒரு சீல் போட்டுப் பிரித்துப் பாருங்கள். ஸ்டிக்கர் மாதிரி உரிந்தால் சூடு போதவில்லை. கோட்டிலேயே அறுந்தால் சூடு அதிகம். கோடு அப்படியே நிற்க, பக்கத்துத் தாள் இழுபட்டுக் கிழிந்தால் அதுதான் பதம். ரொட்டித் தூளோ வெண்ணெயோ சீல் விழும் இடத்தில் இருந்தால் அங்கே ஒட்டாது. கவரின் வாயில் 3–4 செ.மீ. காலியாக விட்டுத் துடைத்துவிட்டுப் போடுங்கள். முடிந்ததும் ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்குங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

தமிழ்நாட்டில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் உள்ளிட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. விற்பவர்கள் கவரை மொத்தமாக வாங்கும் முன் எது செல்லும் என்று ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 7: சீல் குளிரூட்டாது

இறுக்கிச் சீல் வைத்துவிட்டோமே, கெடாது என்ற தைரியம் வேண்டாம். கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் செழிக்கும், உறைக்குள் இருந்தாலும் அப்படித்தான். கோழி, முட்டை, மயோனைஸ் வைத்த சாண்ட்விச் குளிர்ச்சி இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. நம் ஊர் மே மாதத்துக்கு எது பொருந்தும் என்று சொல்லவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதும் இந்த மாதிரிப் பயத்தால்தான்.

மதியம் வரை போகும் காய்கறி சாண்ட்விச்சுக்கும் குளிர்ச்சி வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி இரவே ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் அதை ஒரு துணியில் சுற்றி, வெளிச்சூடு புகாத லஞ்ச் பையில் பொட்டலத்தோடு ஒட்டி வைத்தால், சாண்ட்விச்சுக்குக் குளிர்ச்சி, பிள்ளைக்கு மதியம் ஜில் தண்ணீர்.

படி 8: முந்தின வாரமே செய்து வைக்க

வெள்ளரி, தக்காளி, அவித்த முட்டை, மயோனைஸ் எதுவும் ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. முதல் இரண்டும் துவண்டு தண்ணீர் விடும், முட்டை வெள்ளை ரப்பராகும், மயோனைஸ் திரிந்துவிடும். வேர்க்கடலை வெண்ணெய், ஜாம், சீஸ் நன்றாகத் தாங்கும். ஜாம் வைத்தால் இரண்டு ரொட்டியிலும் வேர்க்கடலை வெண்ணெய் பூசி ஜாமை நடுவில் சிறை வையுங்கள். பட்டர் பேப்பர், ஜிப் பை, மேலே தேதி. காலையில் அப்படியே எடுத்துப் பையில் போட்டால் மணி அடிப்பதற்குள் இளகியிருக்கும். என் மகள் மட்டும் இடைவேளையிலேயே பாதி உறைந்த நிலையில் கடித்துவிடுகிறாள், ஐஸ்கிரீம் சாண்ட்விச்சாம்.