மீட்டர் இல்லாத கட்டிடத்தில் தண்ணீர்ச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

பெங்களூரில் எட்டு, பத்து வீடுகள் உள்ள வாடகைக் கட்டிடம் என்றால் காவேரி லைனுக்கு (குடிநீர் வாரியத்தின் குழாய்) மட்டும் மீட்டர் இருக்கும். போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் அதே சம்ப்பில் (தரைக்கடியில் உள்ள தொட்டி) விழுவதால், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு தீர்கிறது என்று ஓனருக்கும் தெரியாது, குடியிருப்பவருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தண்ணீராக இருந்தாலும் மோட்டார் வழியாகத்தான் மாடிக்குப் போக வேண்டும். அது ஓடும் நேரத்தை வைத்தே அளவைப் பிடித்துவிடலாம். இன்ச் டேப், நீளமான பிவிசி குழாய், செல்போன் போதும்.

படி 1: மாடித் தொட்டியின் உள் நீள அகலத்தை மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்றால் 3 சதுர மீட்டர். அதில் 1 செ.மீ. உயரத்துக்கு 30 லிட்டர். வட்டமான பிளாஸ்டிக் டேங்க் 1.1 மீட்டர் விட்டம் இருந்தால் 1 செ.மீ.க்குச் சுமார் 9.5 லிட்டர். அதன் மேல்பகுதி குறுகும் என்பதால் நடுப்பகுதியில் மட்டும் அளக்கவும்.

படி 2: இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த மதிய நேரத்தில் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் வால்வுகளை எல்லாம் மூடுங்கள். குழாயைத் தொட்டியில் செங்குத்தாக விட்டு, நனைந்த உயரத்தைக் குறியுங்கள். மோட்டாரைச் சரியாக 20 நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கவும். 40 செ.மீ. ஏறியிருந்தால் 1200 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 60 லிட்டர். வால்வை மூட மறந்தால் வீடுகளில் செலவான தண்ணீர் கணக்கில் வராது. மோட்டார் சோம்பேறி என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள்.

சம்ப் நிரம்பியிருக்கும்போது ஒரு முறை, அடிமட்டத்தில் இருக்கும்போது ஒரு முறை இதைச் செய்து சராசரி எடுங்கள். மட்டம் இறங்க இறங்க, அதே மோட்டார் அதிக உயரம் தூக்க வேண்டியிருப்பதால் குறைவாகத்தான் தள்ளும்.

படி 3: தினமும் ஓடிய நிமிடங்களைக் குறித்து வாருங்கள். 90 நிமிடம் என்றால் 5400 லிட்டர். 36 பேர் இருந்தால் தலைக்கு 150. நகரங்களுக்கு இந்தியாவில் வழக்கமாக வைக்கும் கணக்கு தலைக்கு 135 லிட்டர்.

வாட்ச்மேன் நோட்டில் 30, 30, 30 என்று வரிசையாக இருந்தால் நம்ப வேண்டாம். அந்த எண்ணுக்காகத் திட்டு விழும் என்று தெரிந்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஸ்டார்ட்டருக்கு அடுத்து, மோட்டார் பக்கமாக ஓடிய நேரத்தைத் தானே எண்ணும் ஒரு ஹவர் மீட்டரை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிட்டால் சண்டையே இல்லை.

நிமிடம் காட்டுவது ஏறிய தண்ணீரை, பயன்பட்டதை அல்ல. தொட்டி நிரம்பி வழிந்தாலும் கணக்கில் சேரும். ஃபுட் வால்வு (மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடியில் இருப்பது) பழுதாகிக் காற்று புகுந்தால் மோட்டார் சும்மா ஓடும், கணக்கு மட்டும் வீங்கும். செலவு திடீரென்று கூடினால் குடியிருப்பவர்களைக் கேட்பதற்கு முன் படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எப்படியும் செய்ய வேண்டும்.

படி 4: டேங்கரையும் இதே முறையில் சோதிக்கலாம். சம்ப் 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் 1 செ.மீ. என்பது 60 லிட்டர். 6000 லிட்டர் டேங்கர் 100 செ.மீ. ஏற்ற வேண்டும். 85 தான் ஏறியது என்றால் வந்தது 5100. இறக்கும்போது மோட்டார், போர், காவேரி மூன்றும் நின்றிருக்க வேண்டும். மேலிருந்தே அளவெடுங்கள், சம்ப்புக்குள் இறங்கவே கூடாது, உள்ளே மூச்சுக் காற்று இல்லாமல் போகலாம்.

சம்ப்பில் எந்தத் தண்ணீர் எவ்வளவு என்பதற்கு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் உதவும். அதுவும் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. உதாரணமாக காவேரி 200, போர் 900, சம்ப்பில் 550 என்று காட்டினால் பாதி போர் தண்ணீர். கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. எண் குறைவு என்பதற்காகக் குடித்துவிடாதீர்கள்.

படி 5: கசிவு. இரவு 11 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் மாடித் தொட்டியை அளக்கவும், இடையில் மோட்டார் போடக் கூடாது. 5 செ.மீ. இறங்கினால் 150 லிட்டர், மணிக்கு 30. நாலைந்து இரவு இதே அளவு இறங்கினால் கசிவுதான். ஒவ்வொரு லைன் வால்வாக மூடிப் பார்த்து எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வரிசை வீடுகளின் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரி கலர் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் டேங்கின் அடியில் உள்ள ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும்.