சர்வரில் இடம் தீர்ந்துவிட்டதா? எல்விஎம் வால்யூமை இப்படிப் பெரிதாக்குங்கள்

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலர்ட் வந்ததும் எதையாவது அடித்துச் சரிசெய்யக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் டிஎஃப் கமாண்டை அடித்து எந்த மவுண்ட், அதாவது டிஸ்க் இடம் இணைக்கப்பட்ட எந்த ஃபோல்டர், நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் எல்எஸ்பிளாக் அடித்து அது எந்த லாஜிக்கல் வால்யூம், எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டும் எதையும் மாற்றாது, எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

எல்விஎம் என்பது லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிட்டு நிர்வகிக்கும் முறை. அதில் டிஸ்க்கோ, டிஸ்க்கின் ஒரு பகுதியான பார்ட்டிஷனோ பிசிகல் வால்யூம் ஆகிறது, அவையெல்லாம் சேர்ந்த பொதுக் கிடங்கு வால்யூம் குரூப், அந்தக் கிடங்கிலிருந்து வேண்டிய அளவுக்கு வெட்டி எடுப்பது லாஜிக்கல் வால்யூம். அதன் மேல்தான் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டம்.

அடுத்து வால்யூம் குரூப்களைப் பட்டியலிடும் விஜிஎஸ் கமாண்ட். அது காட்டும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் கிடங்கில் மிச்சமிருக்கும் இடம் தெரியும். இடம் இருந்தால் நேராக வால்யூமைப் பெரிதாக்கலாம். இல்லையென்றால் புது டிஸ்க் சேர்த்து, அது காலியானதுதானா என்று எல்எஸ்பிளாக்கில் இன்னொரு தடவை உறுதிசெய்துகொண்டு, பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிபி (இங்கே உங்கள் புது டிஸ்க்கின் பெயரைப் போடுங்கள்), பிறகு விஜிஎக்ஸ்டெண்ட் என்று அடித்துக் குரூப்பின் பெயரையும் டிஸ்க்கின் பெயரையும் கொடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் இருக்கிற டிஸ்க்கையே பெரிதாக்கியிருந்தால் பிவிரீசைஸ் போதும். பிசிகல் வால்யூம் ஒரு பார்ட்டிஷனில் இருந்தால் மட்டும் முதலில் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும்.

இப்போது எல்விஎக்ஸ்டெண்ட். பெரிய எல் ஆப்ஷனில் +10ஜி, கூடவே சின்ன ஆர், கடைசியில் வால்யூமின் பாதை. அந்தப் பிளஸ் குறிதான் உயிர். அது இருந்தால் இன்னும் 10 ஜிபி கூட்டு என்று பொருள், விட்டுவிட்டால் மொத்தமே 10 ஜிபி என்று பொருள். எல்விஎக்ஸ்டெண்ட் சிறிதாக்க மறுத்துவிடும், ஆனால் எல்விரீசைஸ் அப்படியில்லை, அதனால் பெரிதாக்கும்போது முந்தையதையே பயன்படுத்துங்கள். சின்ன ஆர் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்தே வளர்த்துவிடும். அதை மறந்தவர்கள்தான் லாஜிக்கல் வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ்ஸில் அளவு கூடியிருக்கிறது, டிஎஃப்பில் மட்டும் அப்படியே இருக்கிறதே என்று குழம்புவார்கள். பரவாயில்லை, ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டுங்கள், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்ஸுக்கு மவுண்ட் செய்த இடத்தைக் கொடுங்கள். இரண்டையும் மவுண்டில் இருக்கும்போதே வளர்க்கலாம், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை.

கிடங்கில் இருக்கிற மொத்த இடத்தையும் ஒரே வால்யூமுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், இதைத் தயவுசெய்து கேளுங்கள். கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம். இஎக்ஸ்டி4-ஐச் சிறிதாக்க அன்மவுண்ட் செய்தாக வேண்டும், எக்ஸ்எஃப்எஸ்ஸில் சிறிதாக்கலாம் என்று நம்பி இறங்கவே கூடாது. வால்யூமின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கவும் கிடங்கில் காலி இடம் வேண்டும். சாதாரண ஸ்னாப்ஷாட் அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் செல்லாததாகிவிடும், அதனால் எல்விஎஸ்ஸில் அதன் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதே குரூப்பில்தான் இருக்கிறது என்பதால் அதை பேக்கப் என்று எண்ணவும் வேண்டாம்.

பழைய டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமா? மற்ற டிஸ்க்குகளில் போதிய இடம் இருந்தால் பிவிமூவ் அடித்து அந்த டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள், வால்யூம் பயன்பாட்டில் இருக்கும்போதே தரவு நகரும். நேரம் பிடிக்கும். நடுவில் சர்வர் ரீபூட் ஆனால் பெயர் எதுவும் கொடுக்காமல் பிவிமூவ் என்று மட்டும் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் டிஸ்க்கைக் குரூப்பிலிருந்து நீக்க விஜிரெட்யூஸ், அதன் எல்விஎம் அடையாளத்தை அழிக்க பிவிரிமூவ். பிவிஎஸ் பட்டியலில் அந்த டிஸ்க் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கழற்றுங்கள்.