காதுக்கருவி போட்ட பிள்ளையோடு பேசுவது எப்படி: சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் கருவி மாட்டிய மறுநாளே எழும் கேள்வி: பிள்ளையிடம் தமிழா, மலையாளமா? பேச்சுப் பயிற்சி தரும் தெரப்பிஸ்ட் பேசுவது மலையாளம், அங்கன்வாடியும் மலையாளம். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பவர் தடுமாறாமல் எதில் பேசுவாரோ, அதுதான் பிள்ளைக்கு முதல் மொழி. அரைகுறை மலையாளத்தில் பேச முயன்றால் பேச்சு சுருங்கி, "வா", "குடி" என்று கட்டளைகள்தான் மிஞ்சும். வீட்டில் தமிழ் கேட்பதால் மலையாளம் கெட்டுவிடாது. அங்கன்வாடியில் தண்ணீருக்கு "வெள்ளம்" என்பார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து "வெள்ளம்" கேட்டால் திருத்த வேண்டாம். "தண்ணி வேணுமா? இந்தா, தண்ணி குடி" என்றால் போதும்.

காலையில் முதல் வேலை, கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு கேட்புக் குழாய் உண்டு, ஆடியாலஜிஸ்டிடம் (காது கேட்பதைச் சோதித்துக் கருவி பொருத்துபவர்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வைத்து நீங்களே கேளுங்கள். கரகரத்தாலோ விட்டுவிட்டுக் கேட்டாலோ பேட்டரியை மாற்றுங்கள். இந்தப் பொத்தான் பேட்டரிகள் காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். எடவப்பாதி மழையில் கருவியின் குழாய்க்குள் நீர் முத்துக்கட்டும், சத்தம் அடைபடும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, கருவியைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். கருவி "கீ" என்று விசிலடித்தால் பலரும் வால்யூமைக் குறைப்பார்கள். விசில் நிற்கும், பிள்ளைக்குக் கேட்பதும் குறையும். பெரும்பாலும் கோளாறு மோல்டில்தான் (காதுக்குள் பொருந்தும் அச்சு): காது வளர்ந்திருக்கும், மோல்டு தளர்ந்திருக்கும். கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைகூடப் புது மோல்டு தேவைப்படும்.

அடுத்தது ஆறு ஒலிச் சோதனை: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பேச்சின் வீச்சு முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கும். பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் பிள்ளை ஒரு மரக்கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். (புளியங்கொட்டை வேண்டாம், மூக்குக்குள் போய்விடும்.) வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னால் "ஸ்" மங்கிவிடும். அதைச் "சு" என்று இழுத்தாலும் தப்பு: பிள்ளைக்குக் கேட்பது உகரம், நமக்குக் கிடைப்பது பொய் விடை. ஒரே இடைவெளியில் சொன்னால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே கட்டையைப் போடும். நேற்றுக் கேட்ட "ஸ்" இன்று கேட்கவில்லையென்றால் பேட்டரி, குழாய், மோல்டை அடைத்த அழுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஆறுமே மங்கலென்றால், சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம்; காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கருவி காதில் இருக்கட்டும். தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே கை எட்டும் தூரத்துக்கு வந்து பேசுங்கள். மிக்ஸி ஓடும்போதும் தகரக் கூரையில் மழை அடிக்கும்போதும் பாடம் நடத்தாதீர்கள். கத்தினாலும் பயனில்லை, உயிரெழுத்து மட்டும் பெருத்து மெய்யெழுத்து அமுங்கிப்போகும்.

முதலில் காதுக்கு, பிறகு கண்ணுக்கு. தோசைக்கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "தோசை சுடலாமா?" என்று கேளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். மூன்றிலேயே பொறுமை போய்விடும். பிறகு கரண்டியைக் காட்டுங்கள், மறுபடி சொல்லுங்கள். "தோசை சொல்லு, சொல்லு" என்று நச்சரித்தால் வாய் மூடிக்கொள்ளும்.

சொற்களைப் பிரித்துக் கேட்கப் பழக்கும்போது நீளத்தில் தொடங்குங்கள்: "பூ", "ஆட்டுக்குட்டி". அது பழகினால் "கல்", "கால்", "பல்", "பால்". குறில் நெடில் வேறுபாடு கால அளவில் இருப்பதால், குறைந்த கேட்புத்திறனுக்கும் பிடிபடும். முதல் மெய் மட்டும் மாறும் "பால்", "கால்", "வால்" அதற்கப்புறம்தான். தமிழில் "-ல", "-க்கு" மாதிரி ஒட்டுகள் சொல்லின் கடைசியில் மெலிந்து ஒலிப்பதால் பிள்ளை அவற்றை முதலில் தவறவிடும். பந்தை ஒளித்துவைத்து "கட்டில் மேல", "கட்டிலுக்கு அடியில" என்று தேடச் சொல்லுங்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம், வீட்டுப் பேச்சே போதும்.

காது கேளாக் குறை பிறந்த 3 மாதத்துக்குள் உறுதியாகி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கிவிடுவது நல்லது. கருவியால் பயன் போதாவிட்டால் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கருவி). ரேஷன் கார்டு கேரளமென்றால் அதற்கு உதவும் ஸ்ருதிதரங்கம் திட்டத்தையும், தமிழ்நாடென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

ழகரத்துக்கு அவசரப்பட வேண்டாம். நன்றாகக் காது கேட்கும் பிள்ளைக்கே அது கடைசியில்தான் வரும். "வாயப்பயம்" என்று கேட்டால், "வாழைப்பழமா? இந்தா, வாழைப்பழம்" என்று சொல்லி உரித்துக் கொடுங்கள்.