இருண்ட படத்தில் யார் அடிக்கிறார், யார் சாகிறார்: ராமநாதபுரம் கடற்கரையில் படமெடுப்போருக்கு

எல்லோரும் செத்துப்போகும் கதையில் யாருக்கு எவ்வளவு இடம் என்று எப்படிப் பார்ப்பது? நீள நோட்டில் கோடு போட்டு ஐந்து பத்தியாகப் பிரியுங்கள். பெயர், தொழில், யாரை அடிக்கிறார், யாரிடம் அடி வாங்குகிறார், சாவதற்கு முன் எத்தனை காட்சியில் வேலை பார்க்கிறார் அல்லது சிரிக்கிறார். ‘மீனவப் பெண் 2’, ‘தொப்பிக்காரர்’ என்று பெயரில்லாமல் வருபவர்களையும் எழுதுங்கள். கடைசிப் பத்தியில் பூஜ்யம் வாங்குகிறவர்களெல்லாம் ஒரே சாதி, அடிக்கிறவர்களெல்லாம் ஒரே மதம் என்றால் திரைக்கதையில் கோளாறு. அதற்காக நல்லவர் ஒருவரைப் புதிதாகச் செருகாதீர்கள். ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். இருக்கிற ஆளுக்கே அரைப் பக்கம் வேலை கொடுங்கள்.

அந்த வேலையும் துல்லியமாக இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். கரையேறி, ஊறிப்போன விரல்களிலிருந்து அந்தக் கட்டை அவிழ்ப்பதை 20 நொடி காட்டுங்கள். பிறகு அதே கையில் அடி விழும்போது அது யாருடைய கை என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

பேச்சில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சென்னைக் காசிமேட்டுத் தமிழைப் பாம்பனில் பேசவைத்தால் உள்ளூர்க்காரர் சிரித்துவிடுவார். கீழக்கரை முஸ்லிம் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா என்பது வாப்பா, உம்மா, லாத்தா. மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் பாத்திரம் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர் என்றால், யாழ்ப்பாணப் பேச்சை அவர் வாயில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேரை வசனத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சம்பளம் கொடுங்கள், டைட்டிலில் பெயர் போடுங்கள்.

மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடும் தர்கா இருக்கும் ஊர் ஏர்வாடி. அந்தப் பெயரைக் கேட்டதும் சங்கிலியைத் தேடி ஓடுகிறது கேமரா. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. இன்றைய கதையில் சங்கிலி வந்தால், அதைப் பூட்டுகிற கைக்கும் ஒரு முகம் வையுங்கள். தர்காவில் இருக்கும் நிஜ நோயாளிகளைப் படம்பிடிக்கவே வேண்டாம்.

அடுத்து, ஒளி. தனுஷ்கோடி மணல் உச்சிவெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அது மணலுக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் ஒளியைக் குறைத்துவிடும். கறுத்த முகம் வெறும் நிழலாகிவிடும், வலி கண்ணில் தெரியாது. முகத்துக்கு ஏற்ப ஒளியளவு வையுங்கள், மணல் வெளுத்தால் வெளுக்கட்டும். முடிந்தவரை காலை 8 மணிக்கு முன்பு, மாலை 4 மணிக்குப் பிறகு எடுங்கள். சோதனை ஷாட்டில் உதவி இயக்குநரை நிற்கவைக்காமல் நடிக்கப்போகிறவரையே நிறுத்துங்கள். இருண்ட படம் என்று கிரேடிங்கில், அதாவது எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்யும்போது, நிறத்தை ஒரேயடியாக உறிஞ்சினால் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூத்துவிடும். தோல் நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்து, அதன் சூட்டை மட்டும் விட்டுவையுங்கள்.

குழந்தைகள் நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். ரத்தக் காட்சியை போலி ரத்தச் சாயத்தோடு குழந்தைக்கு முன்கூட்டியே காட்டிப் பழக்குங்கள்.

உள்ளூர் ஆட்களைத் தேர்வுசெய்ய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வசதி. விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் விசைப்படகு கடலுக்குப் போகும் காட்சியை அந்த 61 நாளில் எடுக்க முடியாது; அதை ஜூன் கடைசிக்குத் தள்ளுங்கள்.