டங்கன் ஐடஹோ: ட்யூன் படிப்பவர்கள் தடுமாறும் இடங்கள்

படம் பார்த்துவிட்டு ட்யூன் என்ற அறிவியல் புனைவு நாவல்களைக் கையில் எடுப்பவர்களுக்கு டங்கன் ஐடஹோ சீக்கிரம் செத்துப்போகிற ஒரு வாள்வீரன், அவ்வளவுதான். ஆனால் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965 முதல் 1985 வரை வெளியிட்ட ஆறு நாவல்களிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துபோகிற ஒரே பாத்திரம் இவன்தான். (கதையின் முடிச்சுகள் இனி அவிழும். படிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.)

பெரிய தவறு, வருகிற டங்கன்கள் எல்லாரையும் ஒரே ஆளாக எண்ணுவது. இரண்டாம் நாவலில், கதைநாயகன் பால் அட்ரெய்டிஸுக்குப் பரிசாக வரும் ஹெய்ட் என்ற கோலாவை (செத்தவனிலிருந்து மீண்டும் உருவாக்கப்பட்டவன்) பாருங்கள். முகம் டங்கனுடையது, கண்கள் உலோகம். மென்டாட் (மனிதக் கணினி) பயிற்சி உண்டு, பழைய நினைவு கிடையாது. பாலின் காதலி சானி இறந்ததும் அவன் வாயிலிருந்து வரும் ஒரு சொற்றொடர், பாலையே கொல்லும்படி ஹெய்ட்டின் மனதில் புதைத்து வைத்த கட்டளையை எழுப்புகிறது. கத்தியோடு நெருங்கியவன் தன்னோடு தானே போராடுகிறான். அந்த நெருக்கடியில்தான் பழைய டங்கன் மீள்கிறான். அதுவரை எந்தக் கோலாவுக்கும் இப்படி நினைவு திரும்பியதில்லை. இந்த இடத்தை வேகமாகப் புரட்டினால் பிறகு வரும் நாவல்கள் குழப்பும்.

கோலாவை க்ளோன் என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. ஹெய்ட், செத்த உடலையே சீராக்கி எழுப்பியவன். செல்லிலிருந்து தொட்டியில் வளர்க்கும் முறை பிற்பாடுதான் வருகிறது.

மூன்றாம் நாவலில் இந்த மீண்ட டங்கன் சாவதை வெறும் ஆத்திரம் என்று படிப்பவர்கள் நிறைய. அது கணக்குப் போட்டுச் செய்த காரியம். பாலைவன மக்களின் தலைவன் ஸ்டில்கரின் இடத்திலேயே, அப்போது ஆட்சியிலிருந்த ஆலியாவின் (பாலின் தங்கை, டங்கனின் மனைவி) ஆளான ஜாவிதைக் கொன்றுவிட்டு, ஸ்டில்கரையும் வேண்டுமென்றே வார்த்தையால் சீண்டுகிறான். யார் பக்கமும் சாயாமல் இருந்த ஸ்டில்கர் அவனை வெட்டிச் சாய்த்தபின் நடுநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. மென்டாட் மூளை போட்ட கடைசிக் கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் 3,500 ஆண்டு இடைவெளி. நான்காம் நாவலில் பாலின் மகன், அத்தனை காலமும் வாழ்ந்து ஆளும் பேரரசன் லெட்டோ வரிசையாக டங்கன்களை வரவழைத்துக்கொண்டே இருக்கிறான். பலர் அவனுக்கு எதிராகவே திரும்பிச் சாகிறார்கள். ‘ஆலியாவோடு வாழ்ந்தது இவனுக்கு ஏன் நினைவில் இல்லை?’ என்று இங்கே கேட்கக் கூடாது. இவனுக்குத் திரும்புவது முதல் டங்கனின் நினைவு மட்டுமே. ஹெய்ட்டின் வாழ்க்கை இவனுக்கு யாரோ சொன்ன கதை. லெட்டோவுக்குப் பழைய பாசம் என்று மட்டும் விட்டுவிடவும் முடியாது. தலைமுறைகளைத் திட்டமிட்டு உருவாக்கும் அவனுடைய ஏற்பாட்டில் டங்கனின் ரத்தமும் ஒரு பொருள்.

ஐந்தாம் நாவலில் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு பெனி ஜெசரிட் என்ற பெண்கள் சபை வளர்க்கும் 12-ஆவது சிறுவனுக்குத்தான் இந்த எல்லை உடைகிறது. எதிரணிப் பெண்ணான முர்பெல்லாவைச் சந்திக்கும்போது கோலாக்களின் வாழ்க்கைகளும் அவனுக்குள் வந்து சேர்கின்றன. இந்தக் கொள்ளளவை முந்தைய டங்கன்களுக்கும் ஏற்றிப் படித்தால் அவர்களுடைய தவிப்பு பிடிபடாது.

ஹெர்பர்ட் 1986-இல் காலமானார். அவருடைய ஆறாம் நாவல், தெரியாத வெளியை நோக்கி டங்கன் கப்பலில் தப்பிப் போவதோடு நிற்கிறது. அவன் கடைசியில் என்ன ஆகிறான் என்பது அவருடைய மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் 2006, 2007-இல் எழுதிய தொடர்ச்சிகளில் வருகிறது. அந்த முடிவை வைத்துக்கொண்டு முதல் ஆறில் ‘முன்குறிப்பு’ தேடாதீர்கள்.