குளுக்கோஸ் டிரிப்ஸ் சாப்பாடு ஆகாது

பிறந்து இரண்டு நாளில் குடல் அடைப்புக்கு ஆபரேஷன் ஆன குழந்தை. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பால் குடுக்கலையா?" பக்கத்தில் நிற்பவர் சொல்வார், "டிரிப்ஸ் ஏறுதுல்ல, அது போதும்." போதாது. சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 3 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 240 மி.லி. பத்து சதவீத குளுக்கோஸ் ஏறினால் உள்ளே போவது 24 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 80 கலோரி. அதே குழந்தை தேறி வளரத் தொடங்கும்போது நரம்பு வழியாகவே கிலோவுக்கு 75 முதல் 85 கலோரி, அதாவது குறைந்தது 225 வேண்டும். புரதமோ அந்தப் பாட்டிலில் துளியும் கிடையாது. குறைமாதக் குழந்தையை வெறும் குளுக்கோஸில் வைத்திருந்தால் தினமும் கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்குத் தன் உடம்புப் புரதத்தையே கரைத்துக்கொண்டிருக்கும்.

இதைப் படித்ததும் சிலர் நேர் எதிர்ப் பக்கம் ஓடுவார்கள்: பெரிய ஆபரேஷன், அதனால் ரெட்டிப்பாகக் கொடு என்று. பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் உடம்பு பல நாள் கூடுதலாக ஆற்றலை எரித்துக்கொண்டிருக்கும், உண்மைதான். பச்சிளங்குழந்தை அப்படியில்லை. பிரிட்டனில் குழந்தை அறுவை நிபுணர் அகோஸ்டினோ பியரோ குழுவினர் அளந்து பார்த்தபோது, ஆற்றல் செலவு நான்கு மணி நேரம் வாக்கில் உச்சம் தொட்டு, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. புரதம் உடைவதும் குறிப்பிடும்படி கூடவில்லை. வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றலைக் குழந்தையின் உடம்பு காயம் ஆற்றுவதற்குத் திருப்பிவிட்டுக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்புறம் அளவுக்கு மேல் கொட்டுகிற குளுக்கோஸ் எங்கே போகும்? கொழுப்பாகிக் கல்லீரலில் படியும், கரியமில வாயு கூடும், வென்டிலேட்டரிலிருந்து எடுப்பது தள்ளிப்போகும்.

வலியைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். 1987ல் கே. ஜே. எஸ். ஆனந்தும் கூட்டாளிகளும் லான்செட் இதழில் எழுதியதைப் பாருங்கள்: இதய ரத்தக்குழாய் ஆபரேஷனின்போது ஃபென்டனில் என்ற வலிநீக்கி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகளுக்கு, கொடுக்காதவர்களைவிட அழுத்த ஹார்மோன்களும் குறைவு, தசைப் புரதம் உடைவதும் குறைவு. அன்றைக்கு இத்தனை சின்ன உயிருக்கு வலி தெரியாது என்று நம்பியவர்கள் நிறையப் பேர்!

இன்னொரு பழக்கம், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தால் "புரதம் ஏத்துறோம்" என்று அல்புமின் பாட்டிலைத் தொங்கவிடுவது. அது சத்துணவு இல்லை. அது உடைந்து, புரதம் கட்டும் துண்டுகளான அமினோ அமிலமாக மாற வாரக்கணக்கில் ஆகும். உடம்பு கட்ட அமினோ அமிலமே வேண்டும், அதிலும் குழந்தைகளுக்கென்று செய்தது. பிஞ்சுக் கல்லீரலால் சிஸ்டீன், டைரோசின் போன்றவற்றைப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. பெரியவர்களின் பாட்டிலில் கிளைசின் போன்றவை தேவைக்கு மேல் இருக்கும். அளவு, நாளொன்றுக்கு நிறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 3 கிராம், குறைமாதத்துக்கு 3.5 வரை. கூடவே கிராமுக்கு 30, 40 கலோரியும் போக வேண்டும், இல்லாவிட்டால் விலை உயர்ந்த அமினோ அமிலம் வெறும் எரிபொருளாகிவிடும். பாஸ்பேட் என்ற தாது உப்பை மறந்தாலும் ஆபத்து, திசு கட்டும் வேகத்தில் ரத்தத்தில் அது சரிந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு முதல் நாட்களில் ரத்தத்தில் யூரியா என்ற புரதக் கழிவு கொஞ்சம் ஏறியதும் அமினோ அமிலத்தையே நிறுத்துவதும் அவசரம். நீர்ச்சத்தையும் சிறுநீரகத்தையும் முதலில் பாருங்கள்.

எப்போது தொடங்குவது என்பதில் ஒரே விதியை எல்லோருக்கும் போடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு முதல் நாளே அமினோ அமிலம் என்பதில் பெரிய சச்சரவு இல்லை. ஆனால் பெல்ஜியம், நெதர்லாந்து, கனடாவில் தீவிர சிகிச்சையில் இருந்த 1,440 குழந்தைகளை வைத்து நடந்து 2016ல் வெளியான பெப்பானிக் ஆய்வில், நரம்புவழி உணவை ஒரு வாரம் தள்ளிப்போட்ட பிரிவில்தான் புதுத் தொற்று குறைவு: 10.7 சதவீதம், சீக்கிரமே தொடங்கிய பிரிவில் 18.5. அதில் நிறைமாதச் சிசுக்களும் இருந்தார்கள், குறைமாதம் இல்லை. அதனால் கவலைக்கிடமான நிறைமாதக் குழந்தைக்கு டாக்டர் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னால் அலட்சியம் என்று சண்டைக்குப் போகாதீர்கள், காரணம் கேளுங்கள்.

அம்மாக்கள் செய்கிற தவறு ஒன்றே ஒன்று, பால் கறப்பதை நிறுத்திவிடுவது. குழந்தை குடிக்காவிட்டாலும் நாளைக்கு எட்டு முறையாவது கறந்து வையுங்கள். குடல் வேலை செய்யத் தொடங்கியதும் மூக்குக் குழாய் வழியாக முதலில் போகப்போவது அந்தச் சில மில்லி சீம்பால்தான்.